அடுப்படி வெக்கை

ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். முருகேஸ்வரியைக் கேட்டால் ஆள் கால், ஆடை முக்கால் என்பாள். வாய்க்கு வந்ததைச் சொல்கிறவள் இல்லை. பட்டுத் தெரிந்துகொண்டு சொல்கிறவள்.

பேத்துப்பாறையில் பிறந்து, பத்தாவது வரை படித்து, பத்தொன்பது வயதில் அழகுமலைக்கு வாக்கப்பட்டு மன்னவனூருக்கு வந்தாள். வந்த மறுமாதமே காட்டு வேலைக்கு இறங்கிவிட்டாள். பதினேழு வருஷம் அடுத்தவர் காட்டில் பூண்டு பிடுங்கினாள், உருளைக்கிழங்கு தோண்டினாள், கேரட் மூட்டை சுமந்தாள். தலையில் துண்டு, சேலைக்கு மேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டை, அதற்கும் மேல் முழங்கை கிழிந்த ஸ்வெட்டர். அந்தக் கோலத்தில் இருந்த பதினேழு வருஷமும் ஊர் அவளை 'ஏ புள்ள' என்றுதான் கூப்பிட்டது. பாதிப் பேருக்கு அவள் பெயரே தெரியாது. நான்கு வருஷத்துக்கு முன்னால் பத்தாவது படித்த பெண்கள் வேண்டுமென்று சுகாதார நிலையத்தில் ஆள் எடுத்தார்கள். தகரப் பெட்டியின் அடியில் கிடந்த மார்க் ஷீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு போய் நின்றாள். வேலை கிடைத்தது. கூடவே ஒரு நீலச் சேலையும் கிடைத்தது.

அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு முதல் நாள் தெருவில் இறங்கியதும் ஒரு காட்டுக்காரர் நின்று, "எங்க மேடம் கிளம்பிட்டீங்க?" என்று கேட்டார். முந்தின வாரம்தான் அதே மனுஷர், 'வெரசாத் தோண்டு, என்ன பராக்குப் பாக்குற' என்று வரப்பில் நின்று கத்தியிருந்தார். முருகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தச் சேலையை வீட்டுத் துணியோடு சேர்த்து அவள் துவைத்ததில்லை. கஞ்சி போட்டு, மடித்து, பாய்க்கு அடியில் வைத்து மேலே படுத்து மடிப்பு எடுப்பாள். சாமி துணிக்குக்கூட இந்த மரியாதை இல்லை என்று அழகுமலை கிண்டல் செய்வான். கிண்டல் செய்துவிட்டு, கேரட் கழுவும் இடத்தில் கூட வேலை செய்கிறவர்களிடம் 'எங்க வீட்டு மேடம்' என்று அவனே பெருமை அடித்துக்கொள்வான்.

சுகாதார நிலையத்தில் அவளுக்கு மேலே இருந்தது நஜீமா சிஸ்டர். கொடைக்கானல் பஜாரில் செருப்புக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். வெள்ளைக் கோட்டும் அதே வெள்ளையில் முக்காடும் போட்டுக்கொண்டு காலை பஸ்ஸில் வந்து இறங்குவாள். உடுப்பு விஷயத்தில் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். சென்டரிலும் கேம்பிலும் யூனிஃபார்ம் கட்டாயம். வீடு தேடிப் போகும்போது அந்த வீட்டுக்கு எது தோதோ அதை உடுத்திக்கொண்டு போகலாம், அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். முருகேஸ்வரி நான்கு வருஷமாக ஒரே முடிவைத்தான் எடுத்திருந்தாள். எந்த வீடாக இருந்தாலும் நீலச் சேலை.

வடிவின் வீட்டில் மட்டும் அந்த முடிவு செல்லுபடியாகவில்லை.

வடிவு, சின்னத்தாயியின் ஒரே மகள். தகப்பன் இல்லை. திண்டுக்கல்லில் விடுதியில் தங்கிப் படித்து, அங்கேயே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். ஆடி மாதம் இருமலோடு ஊருக்கு வந்தவளுக்குச் சளியைப் பரிசோதித்தார்கள். டி.பி. என்று தெரிந்தது. ஆவணியில் மாத்திரை தொடங்கியது. ஆறு மாதம் ஒருநாள் விடாமல் விழுங்க வேண்டும். முதல் பத்து நாளில் குமட்டல் தாங்காமல் மாத்திரையைப் பூண்டுத் தோலோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டாள் வடிவு. அது தெரிந்ததும் நஜீமா சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். தினமும் முருகேஸ்வரி கொண்டுபோய்க் கையில் கொடுத்து, கண்ணெதிரே விழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும்.

சின்னத்தாயி வீட்டில் முருகேஸ்வரி புது ஆள் இல்லை. அந்த வீட்டுப் பூண்டுக் காட்டில் ஏழெட்டு வருஷம் கூலிக்குப் போனவள். மாத்திரையோடு போன முதல் நாள் சின்னத்தாயி அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"இந்த நீலச் சேலையில வந்தா தெருவே எட்டிப் பாக்கும். கல்யாணம் ஆக வேண்டிய பிள்ளை. முன்ன மாதிரி பூண்டு ஆயிற சோலிக்கு வர்ற மாதிரி வந்துரு, புள்ள."

வாசலில் 'வாங்க' என்று கூப்பிட்டவள், கதவைச் சாத்தியதும் 'வந்துரு புள்ள' என்கிறாள். முருகேஸ்வரிக்குச் சுருக்கென்றது. ஆனால் வடிவு மூலையில் உட்கார்ந்து வாயில் துணியை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். அந்தப் பார்வைக்காகச் சரி என்றாள்.

மறுநாளிலிருந்து பழைய வேஷம். பரணில் போட்டிருந்த சட்டையை எடுத்து உதறினாள், கிழிந்த ஸ்வெட்டரை மாட்டினாள், தலையில் துண்டைக் கட்டினாள், கையில் ஒரு சாக்கு. மாத்திரை அட்டை ரவிக்கைக்குள். வெள்ளனே அந்த வீட்டுக்குப் போய், மாத்திரையைக் கொடுத்துவிட்டு உடனே திரும்ப முடியாது. பூண்டு ஆய வந்தவள் ஐந்து நிமிஷத்தில் போனால் யார் நம்புவார்கள்? ஆகவே உட்கார்ந்து பூண்டுக்கு வேரும் தாளும் அறுத்துக் கொடுப்பாள். நடிப்புக்கு அறுக்கத் தொடங்கியது, போகப் போக நிஜமாகவே ஒரு கூடை ஆகிவிட்டது. சின்னத்தாயியும் கூடையை நிரப்பி வைக்கத் தொடங்கினாள். ஒருநாள் 'இன்னிக்கு வேர் ஒட்ட அறுக்கல பாரு' என்று குறைகூடச் சொன்னாள். பழைய ஸ்வெட்டரைப் போட்டதும் பழைய முதலாளியம்மாவும் கூடவே வந்துவிட்டாள்.

வடிவு அப்படி இல்லை. 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். பக்கத்தில் உட்கார்ந்து அவளும் நாலு பூண்டு அறுப்பாள். பூண்டு வீட்டில் அடுப்பு அணையக் கூடாது, புகை பட்டால்தான் பரணில் தொங்கும் பூண்டு கெடாமல் இருக்கும் என்பது அந்த ஊர் வழக்கம். ஆனால் புகை கிளம்பினால் வடிவுக்கு இருமல் பிடித்துக்கொள்ளும். அவள் பக்கம் புகையே வரக்கூடாது என்று முருகேஸ்வரிதான் கண்டித்துச் சொன்னாள். அந்த ஒரு விஷயத்தில் சின்னத்தாயி அவள் பேச்சைக் கேட்டாள். மகள் வீட்டுக்குள் இருக்கும் நேரம் பார்த்து அடுப்பை அடக்கி வைத்தாள்.

மாதங்கள் போயின. இரண்டாம் மாதப் பரிசோதனையிலேயே சளியில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. இனி யாருக்கும் ஒட்டாது, ஆனால் மாத்திரையை முடித்தே ஆக வேண்டும் என்று நஜீமா சிஸ்டர் சொன்னாள். வடிவுக்கு உடம்பு தேறியது. மார்கழி முடியும் சமயம் ஒருநாள் பூண்டு அறுத்தபடியே அவள் மெதுவாகச் சொன்னாள். கன்னிவாடியில் ஒரு இடம் வந்திருக்கிறதாம். மாப்பிள்ளை பெயர் செல்வமுருகன், மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறானாம். இரண்டு தடவை போனில் பேசியிருக்கிறார்களாம்.

"கடைசி மாத்திரையைப் போட்டுட்டு நானே அவர்கிட்டச் சொல்லிருவேன்க்கா. நோய் வந்துச்சு, போயிருச்சுன்னு முடிச்சுச் சொல்லணும். பாதியில சொன்னா பயந்துருவாங்க. நான் சொல்லப்போறது அதுவரைக்கும் அம்மாவுக்குக்கூடத் தெரிய வேணாம்."

முருகேஸ்வரி அவள் கையைப் பிடித்து, 'அதான் சரி' என்றாள். ஒரு படித்த பெண் தன் தாயிடம்கூடச் சொல்லாததைத் தன்னிடம் சொன்னாளே என்று அன்று முழுவதும் அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இவ்வளவையும் தெரிந்து வைத்திருந்த பொம்பளைதான் அதையும் செய்தாள். தெரியாமல் செய்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். முருகேஸ்வரிக்குத் தை பிறந்ததும் ஒரு கோட்டு பிறந்தது. மேலிருந்து எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்கள். இடுப்பளவு வெள்ளைக் கோட்டு. முன்னால் நெஞ்சுப் பக்கம் சிவப்பு நூலில் பெயர் தைத்திருந்தது: மு. முருகேஸ்வரி, சுகாதாரப் பணி. பின்னால் முதுகு நிறைய, தூரத்திலிருந்தே படிக்கும்படி, சிவப்பு எழுத்து: காசநோய் ஒழிப்புப் பணி. அவள் முன்பக்கத்தைத்தான் பத்துத் தடவை பார்த்தாள். சொந்தப் பெயரை நூலில் தைத்து அவள் அதுவரை பார்த்ததே இல்லை. விரலால் தடவிப் பார்த்தாள். முதுகு யாருக்கு வேண்டும்? போட்டுக்கொண்டால் அது தன் கண்ணுக்குத் தெரியவா போகிறது?

மறுநாள் பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் கேம்ப். எல்லோரும் கோட்டோடு வர வேண்டும், போட்டோ எடுப்பார்கள். வடிவின் வீட்டுக்குப் போய்விட்டு வீட்டுக்குத் திரும்பி உடுப்பு மாற்ற நேரம் போதாது என்று அவள் தனக்குத்தானே ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டாள். நேரம் தாராளமாக இருந்தது. கோட்டைப் போடாமல் இருக்கத்தான் முடியவில்லை. நீலச் சேலை, அதன்மேல் கோட்டு, கோட்டின்மேல் கிழிந்த ஸ்வெட்டரைக் கழுத்துவரை பொத்தான் போட்டு மூடினாள். இடுப்பில் சேலைக்கு மேல் ஒரு பழைய துண்டைச் சுற்றினாள், தலையில் இன்னொன்றைக் கட்டினாள். வெளியே பார்த்தால் பழைய கூலிக்காரி, உள்ளே மேடம். வெளியே மஞ்சு இறங்கி ஊரே வெள்ளையாக இருந்தது. எதிரே வந்த ஆடு தெரியாத மூட்டம், அதற்கேற்ற குளிர். ஒருவரும் சந்தேகப்பட வழியில்லை.

வடிவின் வீட்டு வாசலில் ஒரு வேன் நின்றது.

கன்னிவாடிக்காரர்கள் மறுவாரம் வருவதாக இருந்தவர்கள், நாள் நன்றாக இருக்கிறது என்று சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார்கள். கீழ்நாட்டு வெயிலில் இருந்து வந்தவர்கள் ஆளுக்கொரு குரங்குக் குல்லாயும் போர்வையுமாகப் பல் தந்தியடிக்க உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை, அவன் அம்மா, அக்கா, இரண்டு சித்தப்பன்மார். காபி, வடிவின் சித்தப்பா வீட்டிலிருந்து தூக்குவாளியில் வந்துகொண்டிருந்தது. முருகேஸ்வரி திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் அன்றைய மாத்திரை ரவிக்கைக்குள் இருந்தது. பின்பக்கமாக நுழைந்து வடிவின் கையில் அதை வைத்தாள். வடிவு சேலை கட்டி, தலைநிறையப் பூவோடு நின்றாள். கண்ணை மூடி மாத்திரையை விழுங்கிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தாள். வழக்கம்போல அடுப்படி நிலைக்குப் பக்கத்தில் கூடையை வைத்துக்கொண்டு முருகேஸ்வரி உட்கார்ந்தாள். வேலைக்கு வந்தவள் வேலை செய்யாமல் போனால் அதுவே பேச்சாகிவிடும்.

மாப்பிள்ளையின் அம்மா கெட்டவள் இல்லை. இதை முருகேஸ்வரியே பின்னால் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள். வேனிலிருந்து இறங்கும்போது அந்த அம்மாள் ஆட்டுப் புழுக்கைச் சேற்றில் காலை வைத்துவிட்டாள். நிலையோரம் தலையில் துண்டு கட்டி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, "ஏ புள்ள, இந்தச் செருப்பைக் கொஞ்சம் கழுவிக் கொண்டா" என்றாள். கூலிக்காரி வேஷத்தில் இருந்தவளிடம் வேறு என்ன சொல்வாள்? முருகேஸ்வரி சின்னத்தாயியைப் பார்த்தாள். சின்னத்தாயிக்குத் தெரியும் இவள் யாரென்று. ஒரு வார்த்தை, 'இருக்கட்டும், நான் கழுவுறேன்' என்று சொல்லியிருக்கலாம். அவள், "வெரசாக் கழுவிக் குடு, முருகேஸு" என்றாள்.

கழுவினாள். குழாய்த் தண்ணீர் எலும்புவரை குத்தியது. விரைத்த விரலோடு செருப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடி கூடையிடம் உட்கார்ந்தாள். இதுவரைகூடப் பொறுத்துக்கொண்டாள். அப்போது மாப்பிள்ளையின் அக்கா போனை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தம்பிக்கு அனுப்ப வடிவைப் போட்டோ எடுக்க வேண்டும். வடிவு சுவரோரம் நின்றாள். அக்காக்காரி போனை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அந்தக் கூலியாளைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லுங்க. போட்டோவுல விழுகுது."

விழுகுதாம். விழுகிறாள் என்றுகூட இல்லை. சின்னத்தாயி கையை வீசி, போ போ என்று கோழியை விரட்டுவது போலச் சைகை காட்டினாள்.

ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்பது சும்மா வந்த வார்த்தை இல்லை. முருகேஸ்வரி எழுந்தாள். தலைத் துண்டை அவிழ்த்தாள். ஸ்வெட்டரின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அவசரமே படவில்லை.

"ஸ்ஸ்... அடுப்படி வெக்கை தாங்கல" என்றாள், யாரும் கேட்காமலேயே.

ஸ்வெட்டர் தோளிலிருந்து இறங்கியது. வெள்ளைக் கோட்டும் சிவப்பு நூலில் பெயரும் வெளியே வந்தன. போர்வைக்குள் இருந்த மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கழுவிய செருப்பைப் பார்த்தாள், பிறகு முருகேஸ்வரியைப் பார்த்தாள்.

"ஐயோ, நீங்க ஆசுபத்திரியில இருக்கீங்களா? தெரியாமச் சொல்லிட்டேங்க."

அந்த 'ங்க' காதில் விழுந்தபோது முருகேஸ்வரிக்கு உடம்பெல்லாம் இனித்தது. பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது, இனித்தது. பரவாயில்லம்மா என்று பெருந்தன்மையாகச் சொன்னாள். பூண்டுக் கூடையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். போட்டோவுக்கு இடைஞ்சலாக இருக்க வேண்டாமே என்று, நிமிர்ந்த தலையோடு, திரும்பி நடந்தாள்.

திரும்பியதும் முதுகு அவர்களுக்குத் தெரிந்தது.

போன் 'கிளிக்' என்றது. அவள் திரும்பிப் பார்த்தபோது நான்கு பேரின் கண்ணும் அவள் தோளுக்குப் பின்னால் எதையோ படித்து முடித்திருந்தன. அக்காக்காரி போர்வையின் நுனியை மூக்கில் வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மாதான் கேட்டாள், இந்த வீட்டுக்கு எதுக்கு வந்தீங்க என்று. மரியாதை குறையாமல்தான் கேட்டாள்.

பூண்டு வாங்க வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஊரில் எல்லா வீட்டுக்கும் போகிறேன், இங்கேயும் வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். இருபது பொய் இருந்தது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் வெக்கை என்று சரளமாகப் புளுகிய நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் சின்னத்தாயி முந்தானையை வாயில் வைத்து அழத் தொடங்கிவிட்டாள். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வடிவு சுவரோரம் நின்ற இடத்திலேயே நின்றாள். பூ தலையில்தான் இருந்தது.

வந்தவர்கள் காபியைத் தொடாமல் எழுந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஈரச் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு வேனில் ஏறினாள்.

வேன் போன பிறகு சின்னத்தாயி முருகேஸ்வரியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். இத்தனை மாசம் பொத்திப் பொத்தி வைத்தது ஒரு நிமிஷத்தில் போச்சே, உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு என்று கதறினாள். முருகேஸ்வரி, "கோட்டு போட்டதே ஞாபகம் இல்லம்மா. அடுப்படி வெக்கை. சத்தியமாத் தெரியலம்மா" என்றாள். சத்தியம் என்ற வார்த்தையை அவள் அவ்வளவு லேசாக எடுத்தது அதுதான் முதல் தடவை.

சின்னத்தாயி அவளை வெளியே தள்ளப் போனாள். அப்போதுதான் வடிவு பேசினாள்.

"விடும்மா. அக்கா என்ன செய்யும். அடுப்படி வெக்கை."

தான் சொன்ன பொய்யை அந்தப் பெண்ணின் வாயால் கேட்டதும் முருகேஸ்வரிக்குத் தலை தானாகக் குனிந்தது. பள்ளிக்கூடத்துக் கேம்புக்குப் போனாள். போட்டோவுக்கு நின்றாள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள்.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? சாயங்காலத்துக்குள் பால் சொசைட்டிவரை செய்தி போய்விட்டது. இரண்டு வீட்டுக்காரர்கள் சின்னத்தாயி வீட்டுப் பக்கம் பிள்ளைகளை விளையாட விடுவதை நிறுத்தினார்கள். நஜீமா சிஸ்டர் கன்னிவாடிக்குப் போன் போட்டுப் பேசிப் பார்த்தாள். நோய் ஒட்டாது, குணமாகிவிட்டது என்று டாக்டரையே பேச வைத்தாள். நோவுக்காக இல்லைங்க, மறைச்சதுக்காக என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டாள். செல்வமுருகன் வடிவின் போனை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தாலும் அவள் என்ன சொல்வாள்? தன் வாயால் முடித்துச் சொல்ல வைத்திருந்ததை ஒரு கோட்டின் முதுகு பாதியில் சொல்லிவிட்டது.

எப்படி இது நடந்தது என்று நஜீமா சிஸ்டர் கேட்டாள். அடுப்படி வெக்கை சிஸ்டர் என்றாள் முருகேஸ்வரி. அழகுமலை கேட்டான். அவனிடமும் அதையே சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள். முருகேஸ்வரி வேண்டுமென்று செய்கிற ஆளா என்று அவளுக்காகப் பரிந்தும் பேசினார்கள். ஒவ்வொருவர் நம்பும்போதும் அவளுக்குள் இன்னும் கொஞ்சம் அசிங்கமாக இருந்தது. யாராவது ஒருவர் பளாரென்று அறைந்து, பொய் சொல்லாதடி என்று சொல்லியிருந்தால் தேவலை. சாப்பிடும்போது, குளிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, அந்த 'ங்க' நினைவுக்கு வரும். அது இனித்ததும் நினைவுக்கு வரும். உடனே முகம் சுடும்.

இன்னும் இருபத்திமூன்று நாள் மாத்திரை மிச்சம் இருந்தது. மறுநாள் பழைய ஸ்வெட்டரும் துண்டுமாக, சாக்கோடு போய் நின்றாள். சின்னத்தாயி முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டுக் கொட்டடிப் பக்கம் போனாள். வடிவு மாத்திரையை வாங்கி விழுங்கினாள்.

"இனி எதுக்குக்கா இந்த வேஷம்? கோட்டைப் போட்டுட்டே வாங்க. யாருக்கு மறைக்கணும்?"

குத்திக்காட்டும் குரல் இல்லை அது. முருகேஸ்வரி கூடையை இழுத்து உட்கார்ந்து, யாரும் கேட்காமலேயே பூண்டு அறுத்தாள். அதன்பிறகு தினமும் அப்படித்தான். வேர் ஒட்ட அறுத்தாள். ஒரு கூடை இரண்டு கூடை ஆனது. கோட்டு வீட்டில் ஆணியில் தொங்கியது. கேம்பு நாளில் மட்டும் எடுத்துப் போட்டாள். போடும்போது பெயர் தைத்த இடத்தை மாராப்பால் மூடிக்கொண்டாள்.

தை மாதக் கடைசியில் கடைசி மாத்திரை. மருந்து முடித்தவரோடு பணியாளர் கோட்டு போட்டு நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆகவே அன்று கோட்டையும் ஸ்வெட்டரையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மத்தியானம் போல வந்தாள். மஞ்சு விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. சின்னத்தாயி காட்டுக்குப் போயிருந்தாள். வடிவு மாத்திரையை விழுங்கி, வெற்று அட்டையை நான்காக மடித்தாள். மறுவாரம் திண்டுக்கல்லுக்கே திரும்பிப் போகிறேன், பள்ளிக்கூடத்தில் வரச் சொல்லிவிட்டார்கள் என்றாள். பிறகு போட்டோ எடுக்கணுமே, கோட்டு எங்கே என்று கேட்டாள்.

முருகேஸ்வரி கோட்டை எடுத்தாள். போடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே சொன்னாள்.

"வடிவு, அன்னைக்கு வெக்கையே இல்ல."

சொல்லிவிட்டு எதற்கும் தயாராக உட்கார்ந்திருந்தாள். வடிவு மடித்த அட்டையை இன்னும் ஒரு மடிப்பு மடித்தாள்.

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"அன்னைக்கு அடுப்பே பத்த வைக்கலயே. வந்தவங்க முன்னாடி நான் இருமிரக் கூடாதுன்னு அம்மா அடுப்பை அணைச்சுப் போட்டுச்சு. காபிகூடச் சித்தப்பா வீட்டுலருந்துதான வந்துச்சு. புகை எனக்கு ஆகாதுன்னு சொன்னதே நீங்கதான்க்கா."

தூக்குவாளியில் காபி வந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்திருந்தாள் முருகேஸ்வரி. அணைந்த அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு வெக்கை என்று சொல்லியிருக்கிறாள். அந்த வீட்டில் ஒருத்திக்கு முதல் நிமிஷத்திலேயே எல்லாம் வெட்ட வெளிச்சம். இத்தனை நாளும் அந்த ஒருத்தியின் முன்னால்தான் இவள் கூடை கூடையாகப் பூண்டு அறுத்திருக்கிறாள்.

"பின்ன எதுக்கு உங்க அம்மாகிட்ட அப்படிச் சொன்ன? எனக்காகவா?"

வடிவு அட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்தது போலத்தான் இருந்தது. பிறகு சொன்னாள்.

"அம்மா உங்களை வெரட்டியிருச்சுன்னா, மிச்ச மாத்திரையை யாரு கொண்டாருவா?"

அவ்வளவுதான். கோபம் இல்லை, அழுகை இல்லை. முருகேஸ்வரி கோட்டைப் போட்டுக்கொண்டாள். வடிவு போனைப் பூண்டுக் கூடையில் சாய்த்து வைத்தாள். இரண்டு பேரும் ஒரு முழ இடைவெளியில் நின்றார்கள். போட்டோ விழுந்தது. சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வடிவு அதை முருகேஸ்வரிக்கு அனுப்பினாள்.

"மாத்திரைதான் முடிஞ்சிருச்சே. நாளையிலருந்து நீங்க வர வேணாங்க" என்றாள்.

அக்கா என்ற வார்த்தை அதில் இல்லை. 'ங்க' இருந்தது.

முருகேஸ்வரி ஸ்வெட்டரை எடுத்துக் கோட்டின் மேல் மாட்டினாள். கழுத்துவரை பொத்தானைப் போட்டாள். தெருவில் இறங்கினாள். உச்சி வெயில். பத்தடி நடப்பதற்குள் நெற்றியில் வேர்த்தது, முதுகில் வேர்வை இறங்கியது. எதிரே வந்த காட்டுக்காரர் நின்று, "என்ன மேடம், இந்த வெயில்ல ஸ்வெட்டரா?" என்று கேட்டார்.

"குளிருதுங்க" என்றாள் முருகேஸ்வரி.

இன்றைக்குத்தான் உண்மையிலேயே வெக்கை. வீடு போய்ச் சேரும்வரை அவள் ஒரு பொத்தானைக்கூடக் கழற்றவில்லை.